தனி அறை: முதலில் கூரையைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வீட்டுக்குள் தனக்கென்று ஓர் அறை வேண்டும், படிக்க, பாட்டுக் கேட்க, ஒன்றும் செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்க என்ற ஆசை இப்போது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் வீடு கட்டுகிற பலருக்கும் வந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆனால் பத்திரிகைகளின் வீட்டுப் பக்கங்களில் வரும் கனவு அறைப் படங்களைக் கைப்பேசியில் வைத்துக்கொண்டு "இதே மாதிரி வேணும்" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி, கரும்பச்சை வண்ணம், பால்ஸ் சீலிங்குக்குள் ஒளித்து வைத்த விளக்கு. படத்துக்கு அழகு. பாலக்கோட்டிலோ காவேரிப்பட்டினத்திலோ சித்திரை மாதம் சாயங்காலம் நாலு மணிக்கு அந்த அறையில் ஆள் உட்கார முடியாது. கூரையின் சூடு, கதவிடுக்கில் வரும் சத்தம், ஜன்னல் கட்டையின் உயரம் இவையெல்லாம் படத்தில் தெரிவதில்லை. பணம் முதலில் போக வேண்டியது அங்கேதான். கட்டடத் தொழிலில் இருக்கும் நாங்கள் சிலர் சேர்ந்து இதைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

நம் ஊர் வீடுகளில் இந்த அறைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் மொட்டை மாடியில். இல்லாவிட்டால் மாடிப்படிக்கு அடியில், அல்லது சாமான் போட்டு வைத்த பின்கட்டு அறையில். அளவைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஒரு ஆளுக்கு 8-க்கு 10 அடி தாராளம். வீட்டில் ஏற்கெனவே ஒரு பெரிய அறை இருந்தால் அடுத்த அறை 7.5 சதுர மீட்டர் இருந்தால் போதும் என்பதுதான் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் கணக்கும். அது ஏறக்குறைய 81 சதுர அடி. முழு அறையாகக் கட்டினால் உயரம் மட்டும் 9 அடிக்குக் குறையக் கூடாது.

மாடியில் கட்டுபவர்கள் முதலில் கேட்க வேண்டியது, கீழே என்ன இருக்கிறது என்று. நாலரை அங்குலச் செங்கல் சுவரை 10 அடி உயரத்துக்கு எழுப்பி இரு பக்கமும் பூசினால், ஓடும் அடி (நீளத்தில் ஓர் அடி) ஒன்றுக்குச் சுமார் 250 கிலோ வரும். பத்தடிச் சுவர் என்றால் இரண்டரை டன். அதைக் கீழே பீமோ சுவரோ இல்லாத இடத்தில், வெறும் தளத்தின் நடுவில் ஏற்றினால், கீழ் அறையின் சீலிங்கில் முதலில் மயிரிழை விரிசல் ஓடும்; பிறகு தளம் நடுவில் தொய்யும். நாலு சுவரும் கீழ்ச் சுவர் வரிசையிலோ பீம் மேலோ வரும்படி அறையை நகர்த்திக்கொள்ளுங்கள். முடியாத ஒரு சுவர் இருந்தால் அதை மட்டும் 4 அங்குல ஏஏசி பிளாக்கில் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த, எடை குறைந்த காங்கிரீட் கல்) கட்டலாம். எடை பாதியைவிடக் குறைந்துவிடும். பின்னால் தேவைப்படும் என்று பில்லர் மேல் நீட்டி விட்ட கம்பி பல வருஷம் மழையில் நின்று துரு உரிந்திருந்தால், அதை நம்பி அப்படியே மேலே கட்ட வேண்டாம். பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லட்டும். உள்ளாட்சியில் அனுமதி வாங்குவதையும் அப்போதே முடித்துவிடுவது நல்லது.

இனி கூரை. தருமபுரியில் பங்குனி, சித்திரையில் காங்கிரீட் தளம் பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மூன்று நாலு மணி நேரம் கழித்து உள்ளே விடும். வேலை முடிந்து வந்து அந்த அறையில் உட்காரும் நேரமும் அதுதான். மேலே சீலிங் ஃபேன் போட்டால் அந்தச் சூட்டைத்தான் தள்ளிக் கீழே இறக்கும். பலரும் இதற்கு உள்பக்கம் ஜிப்சம் சீலிங் அடிக்கிறார்கள். கொஞ்சம் குறையும், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் தளம் சூடாவது நிற்காது. முக்கால் அடி உயரம் போகும். தளம் ஒழுகினால் எங்கே ஒழுகுகிறது என்றும் தெரியாது. சூட்டைத் தளத்துக்கு வெளியிலேயே, மேல்பக்கமே நிறுத்த வேண்டும்.

நம் கொத்தனார்களுக்குத் தெரிந்த பழைய முறைக்கு இன்றும் மதிப்பு உண்டு. 20 மி.மீ. செங்கல் ஜல்லி இரண்டரைப் பங்கு, நீற்றின சுண்ணாம்பு ஒரு பங்கு கலந்து, சராசரி 3 அங்குலக் கனத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்தபடி மரக்கட்டையால் அடித்து இறுக்க வேண்டும். வாட்டம் 5 அடிக்கு 1 அங்குலம். ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஈரம் காயாமல் வைத்திருந்து, அதன் மேல் தட்டோடு என்ற சுட்ட மண் ஓட்டைப் பதிக்க வேண்டும். இப்போது பல இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமென்டைப் போட்டு அரை நாளில் வேலையை முடிக்கிறார்கள். சிமென்ட் கலவை விறைப்பானது. பகல் சூட்டில் விரிந்து இரவில் சுருங்கும்போது இழுபட்டு வெடிக்கும். சுண்ணாம்பு கொஞ்சம் வளைந்து கொடுக்கும். வெடித்த இடத்தில் புரட்டாசி மழை இறங்கி, ஐப்பசியில் புத்தக அலமாரிக்குப் பின்னால் பூஞ்சணம் தெரியும். சுண்ணாம்பு அடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டால் வெள்ளை நிற கூல் டைல்ஸ் பரவாயில்லை. சந்துகளை மட்டும் சரியாக அடைக்கச் சொல்லுங்கள்.

கையில் காசு அதிகம் இல்லையா? சலித்த சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து மாசி மாதக் கடைசியில் மாடியில் இரண்டு கோட் அடியுங்கள். சிவப்பு ஓட்டுக்கும் வெள்ளைத் தளத்துக்கும் உள்ள வித்தியாசம் வெறுங்காலை வைத்தாலே தெரியும். தூசி படிந்தால் வெள்ளையின் வேலை குறைந்துவிடும் என்பதால் வருஷத்துக்கு ஒரு தடவை கழுவி மறுபடி அடிக்க வேண்டும்.

தகரக் கூரை போட்டு அதற்குள் தனி அறை அமைக்க நினைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். தகரந்தான் வழி என்றால் நடுவில் 50 மி.மீ. நுரை வைத்த சாண்ட்விச் பேனல் வாங்குங்கள். வெறும் ஷீட்டில் கோடையில் அனல் அடிக்கும்; மழை பெய்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் ஊர் இது. ஷீட்டை ஸ்க்ரூவில் மட்டும் விடாமல் ஜே போல்ட்டால் இரும்புச் சட்டத்தோடு பிடிக்க வேண்டும்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் மார்கழி இரவு குளிர்தான் தொந்தரவு. அங்கே தெற்கு ஜன்னல் ஒரு வரம். மார்கழி நடுப்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 54 டிகிரி உயரத்தில் நிற்கும். வெயில் உள்ளே வந்து தரையைச் சூடாக்கும். தருமபுரியில் அதே ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போட்டால் மேலிருந்து இரண்டே முக்கால் அடிக்கு நிழல் விழும்.

வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று பரவலாக ஒரு நம்பிக்கை. நடுப்பகலைப் பொறுத்தவரை அது டெல்லிக்குப் பொருந்தும். தருமபுரி இருப்பது சுமார் 12 டிகிரி வடக்கில். சித்திரை பத்து தேதி வாக்கில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, ஆவணித் தொடக்கம் வரை நடுப்பகலில் வடக்குப் பக்கமாகவே போகிறது. ஒன்றரை அடி சன்ஷேடு நடுப்பகல் வெயிலைத் தடுத்துவிடும். காலையும் மாலையும் சாய்வாக வரும் வெயிலுக்கு ஜன்னலின் இரு பக்கமும் செங்குத்தாக ஒரு அடிக்கு மறைப்பு வேண்டும். இருந்தாலும் படிக்க, எழுத, வரைய நமக்கு நல்ல வெளிச்சம் வடக்கிலிருந்துதான். மேற்கில் ஜன்னலே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. தாழ்வாக வரும் வெயிலை எத்தனை அடி சன்ஷேடும் தடுக்காது. அலமாரி, கழிப்பறை, மாடிப்படி இவற்றை அந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள்.

ஜன்னல் கட்டையின் உயரத்தை யாரும் கேட்பதில்லை, கொத்தனாரும் கேட்பதில்லை. வழக்கப்படி 3 அடியில் வைத்துவிடுவார். பாயில் சம்மணம் போட்டு உட்காரும் ஆளின் கண் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டரை அடியில் இருக்கும். அவருக்குத் தெரிவது சுவர் மட்டுமே. காற்றும் தலைக்கு மேலே போய்விடும். தரையில் உட்காருகிற பழக்கம் இருந்தால் கட்டையை ஒன்றரை அடிக்கு இறக்குங்கள். மாடியானால் கிரில் கம்பிகளுக்கு நடுவே 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடாதீர்கள், குழந்தைகள் வந்து போகிற வீடுகளில் இது கட்டாயம். எதிர்ச் சுவரில் சீலிங்கை ஒட்டி ஒரு வென்டிலேட்டர் இருந்தால் மேலே தேங்கும் சூடு வெளியேறும். கொசுவலை இல்லாத ஜன்னல், மாலை ஆறு மணிக்கு மேல் மூடிய ஜன்னல்தான்.

அந்த ஜன்னல் ஓரத்தில் ஒரு சின்னத் திண்ணை. இதற்குத்தான் எங்கள் ஓட்டு. சோபாவைவிடச் செலவு குறைவு, கரையானும் வராது. செங்கல்லில் 15 அங்குல உயரம் கட்டி மேலே கிரானைட் போட்டு 2 அங்குல இலவம்பஞ்சு மெத்தை வைத்தால் உயரம் சரியாக அமையும். அகலம் 22 அங்குலம். கால் நீட்டிச் சாய நீளம் 5 அடி. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கத்துப் பாலீஷ் பட்டறைகளில் பெரிய பலகை அறுத்தது போக மிஞ்சிய துண்டுகள் கிடைக்கும். நாம் கேட்கும் அளவு அதிலேயே தேறும். 18 மி.மீ. கல் சதுர அடிக்கு நாலரை கிலோ எடை வரும். அடியில் தாங்கல் இல்லாமல் 2 அடிக்கு மேல் விடக் கூடாது, ஆள் உட்கார்ந்த அதிர்ச்சியில் குறுக்கே முறியும். கண்ணாடி போன்ற பாலீஷ் வேண்டாம், மங்கலான ஹோன் முடிப்பு கேளுங்கள். முன்விளிம்பை உருட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தொடையின் அடிப்பக்கத்தை அறுக்கும். வெயில் படும் இடத்துக்குக் கறுப்பு நிறக் கல் ஆகாது.

ஊஞ்சல் ஆசை உள்ளவர்கள் தளம் போடும்போதே 16 மி.மீ. கொக்கியைக் கம்பிக்கட்டோடு சேர்த்துக் கட்டிவிட வேண்டும். முடிந்த தளத்தில் துளை போட்டு ஃபாஸ்ட்னர் அடித்துத் தொங்கவிடுவது ஆபத்து. ஆடும் எடை நிற்கும் எடையைவிட அதிகம் இழுக்கும், ஃபாஸ்ட்னர் மெல்ல மெல்லக் கழன்று வரும். பழைய கல் பலகைக் கூரை வீடுகளில் பலகையைத் துளைக்கவே கூடாது. அங்கெல்லாம் தரையில் நிற்கும் சட்ட ஊஞ்சல்தான்.

மரத்துக்கு வருவோம். மாமரம் வெட்டுகிற தோப்புகள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் எப்போதும் உண்டு. பலகை மலிவு, ரேகையும் அழகு. அப்படியே அலமாரி செய்தால் ஒரு வருஷத்துக்குள் குண்டூசித் துளை விழுந்து, கீழே மாவு கொட்ட ஆரம்பிக்கும். வண்டு உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். அறுத்த பச்சைப் பலகையை, காய்வதற்கு முன்பே, 100 லிட்டர் தண்ணீரில் வெண்காரம் 3.6 கிலோவும் போரிக் அமிலம் 2.4 கிலோவும் கரைத்து அதில் ஒரு நாள் முழுக்க மூழ்க வையுங்கள். எடுத்துத் தார்ப்பாயில் மூடி இரண்டு மூன்று வாரம் விட்டால் மருந்து உள்ளே இறங்கும். பிறகு குச்சி கொடுத்து அடுக்கி நிழலில் காய வைக்க வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். இந்த மருந்து தண்ணீர் பட்டால் கழுவிப் போய்விடும், ஆகவே வீட்டுக்குள் உபயோகிக்கும் சாமானுக்கு மட்டும். பிளைவுட் என்றால், குளியலறைச் சுவரை ஒட்டிய இடத்துக்கு 710 முத்திரை உள்ள, தண்ணீர் தாங்கும் மரைன் வகைதான். 303 முத்திரையில் வரும் சாதாரண எம்ஆர் வகை ஈரத்தில் உப்பிவிடும். எந்த அலமாரியையும் சுவரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளியே நிறுத்துங்கள். புத்தகம் ஓடும் அடிக்குக் கிட்டத்தட்ட 10 கிலோ. நாலடி அகலத்தில் ஆறு தட்டு நிரம்பினால் 240 கிலோ. அது சுவரோரத்தில் நிற்க வேண்டியது, அறையின் நடுவில் அல்ல.

சத்தம்தான் அடுத்த தலைவலி. தொப்பூரிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் வரை 44-ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே ஊர்கள் வளர்ந்திருக்கின்றன. இரவு லாரிச் சத்தம் ஓய்வதில்லை. முட்டை அட்டையையும் பஞ்சுப் பலகையையும் சுவரில் ஒட்டினால் வெளிச்சத்தம் நிற்கும் என்று நம்பிப் பணம் செலவழிப்பவர்கள் இருக்கிறார்கள். அவை அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும். வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது கனமும் இடுக்கின்மையும் மட்டுமே. இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் சுவரே நன்றாகத் தடுக்கும். ஓட்டை கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது.

ராத்திரி அறையை இருட்டாக்கி, வெளிப்பக்க விளக்கைப் போட்டுவிட்டு உள்ளே நின்று பாருங்கள். வெளிச்சக் கோடு தெரிகிற இடமெல்லாம் சத்தம் வரும் வழி. பெரும்பாலும் கதவின் அடியில்தான் தெரியும். முன்காலத்து வாசக்காலுக்குக் கீழே படி இருந்தது. இப்போது டைல்ஸ் மட்டமாக ஓடுவதால் அரை அங்குலச் சந்து திறந்தே கிடக்கிறது. முக்கால் அங்குல கிரானைட் பட்டை ஒன்றைக் குறுக்கே பதித்து, கதவு அதில் முட்டும் இடத்தில் ரப்பர் ஒட்டினால் பாதித் தொல்லை தீரும். கால் இடறக் கூடிய பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பட்டைக்குப் பதில் கதவோடு தானாக இறங்கி அடைக்கும் சீல் வாங்கிப் பொருத்தலாம். கதவு உள்ளீடற்றதாக இருந்தால் எதுவும் பயன்தராது, 35 மி.மீ. கனத்தில் உள்ளே முழுக்கட்டை வைத்த ஃப்ளஷ் கதவு வேண்டும். அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலின் ஓரங்களில் இருப்பது வெறும் பிரஷ், அதனால் கண்ணாடி எவ்வளவு தடிப்பானாலும் சத்தம் கசியும். கீல் வைத்துத் திறந்து மூடும் ஜன்னலில் ரப்பர் வைத்து இறுக்கினால் அதே கண்ணாடி இருமடங்கு பயன்தரும். சுவரின் இரு பக்கமும் நேருக்கு நேர் சுவிட்ச் பாக்ஸ் வெட்டியிருந்தால் நடுவில் சுவரே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஒன்றரை அடியாவது தள்ளி வெட்டச் சொல்ல வேண்டும்.

லாரியின் கனத்த உறுமலைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. சாலைக்கு எதிர்ப்பக்கம் அறையை வைப்பதுதான் அதற்கு மருந்து. கோயில் திருவிழா ஸ்பீக்கரை மொத்தமாக நிறுத்தவும் வேண்டும், ஜன்னலைத் திறந்து காற்றும் வாங்க வேண்டும் என்றால் இரண்டும் சேர்ந்து நடக்காது. இனி உள்ளே: கல் தரை, வெறுஞ்சுவர், காங்கிரீட் சீலிங் மூன்றும் சேர்ந்தால் பேச்சு எதிரொலிக்கும். கோரைப்பாய் மெல்லிசு, அதனால் அதிகம் ஆகாது. தடித்த ஜமக்காளம், ஜன்னல் அகலத்துக்கு இருமடங்கு துணி எடுத்துத் தைத்த திரைச்சீலை, நிறைந்த புத்தக அலமாரி, இவை போதும்.

சுவர்ப் பூச்சில் உப்பு பூப்பது நம் மாவட்டங்களில் சகஜம். போர் தண்ணீரின் உப்பும், ஈரம் காயும் முன் பெயின்ட் அடிக்கும் அவசரமும்தான் காரணம். பூசிய பின் ஒரு மாதமாவது காய விட்டுப் பெயின்ட் அடியுங்கள். உள்சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையே போதும் என்போம். சுவர் மூச்சு விடும். கரும்பச்சையோ கருநீலமோ ஆசையாக இருந்தால் ஒரே ஒரு சுவரில், ஜன்னல் இருக்கும் சுவரைத் தவிர்த்து. ஜன்னலைச் சுற்றி இருட்டாக இருந்தால் வெளிச்சம் கண்ணைக் கூசும்.

விளக்குக்கு இரண்டு தனித்தனி சுவிட்ச். படிக்கும் இடத்துக்கு நேராக 9 வாட் எல்இடி ஒன்று, 4000 கெல்வின் (வெள்ளை ஒளி). சும்மா இருக்கும் நேரத்துக்குச் சுவரில் 2700 அல்லது 3000 கெல்வினில் (மஞ்சள் ஒளி) ஒன்று. நடு சீலிங்கில் ஒற்றை வெள்ளைப் பட்டை மாட்டினால் அறை ரேஷன் கடை மாதிரி ஆகிவிடும். திண்ணைக்குப் பக்கத்திலேயே தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு பிளக். ஏசி வருமோ வராதோ, 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் இழுத்து வைத்துவிடுங்கள். பின்னால் சுவரை உடைக்க வேண்டாம். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் கருவி) இல்லையென்றால் முதல் வேலையாக அதை மாட்டுங்கள்.

மாடிப்படிக்கு அடியில் அறை போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அங்கே இன்வெர்ட்டர் பேட்டரி இருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றாமல் ஆள் உட்காரக் கூடாது. சார்ஜ் ஆகும்போது ஆசிட் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும். அடைத்த இடத்தில் ஒரு பொறி போதும் வெடிக்க. பேட்டரியை அப்புறப்படுத்திவிட்டு 6 அங்குல எக்ஸாஸ்ட் ஒன்று வைத்தால், உட்கார்ந்து படிக்க நாலரை அடி உயரமே போதும்.

கதவுத் தாழ்ப்பாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். உள்ளே தாழிட்டாலும் அவசரத்துக்கு வெளியிலிருந்து நாணயத்தால் திருகித் திறக்கும் வகை பூட்டு வாங்குங்கள். உள்ளே யாருக்காவது மயக்கம் வந்தால் கதவை உடைக்க நேரம் இருக்காது. இன்னொன்று: பிளானில் 'ஆபீஸ் ரூம்' என்று எழுதி வருவது எல்லாம் வீட்டு ஆண்களுக்கே போகிறது. அந்த வீட்டு அம்மாவிடம் 'உங்களுக்கு எங்கே உட்காரப் பிடிக்கும்?' என்று கேட்டால் பலரும் கிணற்றடியையோ பின்வாசல் படியையோ காட்டுகிறார்கள். அங்கே ஏற்கெனவே நிழலும் காற்றும் இருக்கிறது. மூன்று பக்கம் சுவரும், பின்பக்கம் சிமென்ட் ஜாலியும் வைத்து அந்த இடத்தையே அறையாக்குவது மாடியில் புதிதாகக் கட்டுவதைவிட மலிவு, குளுமையும் கூட.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இனி உங்கள் பக்கங்களில் இப்படிப்பட்ட அறைகளின் படம் போடும்போது, அது எந்த ஊரில் இருக்கிறது, ஜன்னல் எந்தத் திசை பார்க்கிறது, கூரைக்கு மேலே என்ன போட்டிருக்கிறது, இந்த மூன்றையும் படத்துக்குக் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள். முடிந்தால் வடக்கு எது என்று அம்புக்குறி போட்ட ஒரு சின்ன பிளானும்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர், கொத்தனார், தச்சர் சிலர்,
தருமபுரி.